ஸ்டூலை எடுத்தவர்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் சொந்த வீடு இருந்திருக்கும்.

மெக்கானிக் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. மாற்றலாகிப் புது நகரத்துக்கு வந்து, கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் குடும்பமே முட்டி மோதிக்கொண்டிருந்தது. மனைவி நர்ஸ். வந்த கையோடு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. அதனால் இவருக்கு விடுமுறை வந்தால் வீடு பார்ப்பதும், தோளில் தூங்கி வழியும் சின்னவனும், விரலைப் பிடித்துக்கொண்டு வரும் ஐந்து வயது மகளும் இவர் பொறுப்பு.

வீடு கிடைக்காததைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. பழைய ஊரில் வாய் ஓயாத பெண் அவள். இங்கே வந்த நாளிலிருந்து வெளியாட்களிடம் ஒரு சொல் பேசுவதில்லை. அறைக்குள் அப்பா அம்மாவிடம் வண்டி வண்டியாகக் கதை அளப்பாள். வாசலைத் தாண்டினால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல வெறும் தலையாட்டல்தான். பள்ளிக்கூட டீச்சர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பாவுக்குப் பேச்சு வரும்ல?" என்றுகூடக் கேட்டுவிட்டார். பிழைப்புக்காகப் பிடுங்கிக்கொண்டு வந்து பிள்ளையை ஊமையாக்கிவிட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "வீடு எப்படி இருந்தாலும் சமாளிச்சுக்கலாங்க. இவ வாயைத் திறக்குற மாதிரி ஒரு தெருவா பாருங்க."

"அதை எப்படிம்மா பாக்குறது?"

"அதானே. உங்களுக்கு லிஃப்ட்டைத் தவிர என்ன பாக்கத் தெரியும்?"

போகிறபோக்கில் சொன்னதுதான். ஆனால் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நின்றுபோன லிஃப்ட்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு தெருவைப் பார்த்து, இங்கே ஒரு குழந்தை பேசுமா பேசாதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

புரோக்கர் முதலில் காட்டிய பகுதி பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம், எதிரிலேயே பூங்கா, புத்தம்புதுக் கட்டடம். லிஃப்ட் ஏறியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. மெக்கானிக்குக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவர் கண் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் வாசலில் கிடந்த செருப்புகளை எட்டிப் பார்த்தார். எல்லாம் பெரிய பெரிய செருப்புகள். பூங்காவில் ஊஞ்சல் பலகையைத் தடவினார். பூசிய பெயிண்ட் தேயாமல் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாள், ஒரு பிள்ளையைக் காணோம்.

"ரொம்ப அமைதியான ஏரியா சார். குண்டூசி விழுந்தாக் கேக்கும்" என்றார் புரோக்கர்.

மெக்கானிக் மகளைப் பார்த்தார். ஏற்கெனவே ஒருத்தி குண்டூசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அமைதியாக நின்றுகொண்டிருந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

இரண்டாவது இடம் கடைத்தெருவுக்குப் பின்னால். சைக்கிள் கடை, மர அறுவைக்கூடம், ஓயாத இரைச்சல். புரோக்கர் முகவரியைச் சொல்லிவிட்டு, தான் வராமல் நழுவிவிட்டார். பழைய கட்டடம். கொடியில் காய்கிற துணியைப் பார்த்தால் ஒரு வீட்டின் ஜாதகமே தெரிந்துவிடும். இங்கே பால்கனிதோறும் குட்டிக் குட்டிச் சட்டைகள் காய்ந்தன. நடையின் சுவர் இவர் இடுப்பு உயரம்வரை ஒரே அழுக்கு, அதற்குமேல் சுத்தம். இது என்ன கூத்து என்று குனிந்து பார்த்தார். கைரேகைகளும் சாக்பீஸ் கிறுக்கலுமாக இருந்தன. ஒரு கிறுக்கலில் ஆறு காலுள்ள மாடு. மகளும் கூடவே குனிந்து அந்தக் கால்களை விரலால் தொட்டு எண்ணினாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

"நாலாவது மாடி வீடு சார். நில்லுங்க, சாவி எடுத்துட்டு வரேன்" என்று வாட்ச்மேன் பின்பக்கம் போனார்.

மெக்கானிக்கின் கால் தானாக லிஃப்ட் பக்கம் போயிற்று. கதவைத் திறந்தவர் திடுக்கிட்டார். உள்ளே ஒரு மர ஸ்டூல். லிஃப்ட்டுக்குள் ஸ்டூலா? ஏறி நின்று எவனாவது விழுந்தால்? கதவிடுக்கில் மாட்டிக்கொண்டால்? இப்படிப்பட்டதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவருக்கு வராது. யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யோசிக்கவில்லை. ஒற்றைக் கையால் தூக்கிப்போய் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த தொட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையைத் தட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து ஒரு பட்டாளம் உள்ளே நுழைந்தது. தலைமை தாங்கி வந்தவள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. லிஃப்ட்டைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், திரும்பினாள்.

"நம்ம ஸ்டூல எவனோ தூக்கிட்டான்."

"இப்ப எப்படி பட்டன் எட்டும்?" என்றான் இன்னொரு பொடியன், அழுகிற குரலில்.

அப்போதுதான் மெக்கானிக்குக்குக் காரியம் புரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? தோளில் கிடந்த சின்னவனின் முதுகைத் தட்டுவதில் மும்முரமானார்.

பல் விழுந்தவள் அவரையே உற்றுப் பார்த்தாள். "அங்கிள், நீங்க பாத்தீங்களா?"

அவர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அவர் விரலைப் பிடித்திருந்த கை விலகியது.

"எங்கப்பாதான் எடுத்தாரு" என்றாள் மகள்.

மெக்கானிக் குனிந்து மகளைப் பார்த்தார்.

"படிக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்காரு. வாங்க, நான் காட்டுறேன்."

பட்டாளம் மொத்தமும் அவள் பின்னால் ஓடியது. "நீ எந்த வீடு?" என்று பல் விழுந்தவள் ஓட்டத்திலேயே கேட்டாள். "நாலாவது மாடி" என்றாள் மகள், பிறந்ததே அங்கேதான் என்பதுபோல.

இத்தனை பேர் முன்னால் மானம் போனதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. பாக்கெட்டில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க ஆச்சு? எதாவது அமைஞ்சுதா?"

"அமைஞ்சுடுச்சும்மா. ஒரு வீடு."

"தண்ணி ஒழுங்கா வருமா? சமையல்கட்டுல காத்து வருதா?"

"தெரியல. நான் இன்னும் மேல போகலையே."

"வீட்டைப் பாக்காம எதைப் பாத்துங்க அமைஞ்சுடுச்சுன்றீங்க?"

அவர் போனை மாடிப்படிப் பக்கம் நீட்டினார். "வீட்லயும் இப்படித்தான்" என்று கேட்டது மகளின் குரல். "நாற்காலில ஏறக் கூடாதும்பாரு. கட்டில்ல குதிக்கக் கூடாதும்பாரு. ஆனா அவரு மட்டும் குளிச்சிட்டு ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவாரு." சிரிப்புச் சத்தம். அதற்கு மேலே ஏறி மறுபடியும் அவள் குரல், முன்னைவிட வேகமாக.

போனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"யார்கிட்டங்க பேசுறா?"

"யாருன்னே தெரியாதும்மா. இங்க உள்ள பசங்க. என் மானத்தை வாங்கிட்டு இருக்கா."

மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நல்லா வாங்கட்டும்" என்றாள். "நீங்க சாவியை வாங்குங்க."