முகம் பார்க்காமல் ஊற்றிய பால்

டன்லப் தெரு சில்லறைக் கடையின் பின்கட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு முகைதீனுக்குச் சாப்பாடு. சாப்பாடு என்றால் பால், அதில் அடித்துக் கலந்த முட்டை. அவர் வயிற்றில் துளையிட்டுப் பொருத்திய ரப்பர் குழாயின் நுனியில் புனலைச் செருகி, தம்பி ரவூப் நின்றபடியே கையை உயர்த்திப் பாலைச் சாய்ப்பான். பார்வை மட்டும் கடைப்பக்கம் இருக்கும். நூறு எண்ணுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மூன்று மாதங்களுக்கு முன், 1911ஆம் ஆண்டில், தரை கழுவக் கரைத்த காஸ்டிக் சோடாத் தண்ணீரை ரவூப் ஒரு சர்பத்துப் புட்டியில் ஊற்றி வைத்திருந்தான். வெயிலில் வந்த முகைதீன் அதை எடுத்துக் குடித்துவிட்டார். உயிர் தப்பியது. உணவுக்குழல் வெந்து சுருங்கிவிட்டதால் வாய்வழியாக எதுவும் இறங்கவில்லை. புட்டியில் ஊற்றி வைத்தது யார் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரவூப்புக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கட்டு மாற்ற வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் துரைசாமி திடுக்கிட்டார். முகைதீனின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"ஏன்யா, பால் இவருக்கா, பூனைக்கா?"

"மூணு வேளையும் நான்தான் குடுக்கிறேன் ஐயா. ஒரு வாரமா பாதியிலேயே குழாயை நசுக்கிப் பிடிச்சுக்கிறாரு."

"எப்படிக் குடுக்கிற? காட்டு."

ரவூப் காட்டினான். பால் மடமடவென்று இறங்கியது. முகைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். குழாயின் ஓரமாகப் பால் கசிந்து புண்ணில் வழிந்தது.

"நிறுத்துலா! சாக்கடையா கழுவுற? தலைகாணி வச்சுச் சாய்ச்சு உக்கார வை. பால் வெதுவெதுப்பா இருக்கணும். புனலைத் தாழ்த்திப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடு. முகத்தைப் பாரு, வலிச்சா அங்கதான் தெரியும். முடிஞ்சதும் காய்ச்சி ஆறின தண்ணி விட்டுக் குழாயைக் கழுவு. ஆஸ்பத்திரியில சொன்னப்ப தலையைத் தலையை ஆட்டினியே! இப்படியே போனா பத்து நாள் தாங்க மாட்டாரு."

துரைசாமி போனதும் ரவூப் புதிதாகப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தான். முகைதீன் குழாயை மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க நானா. இனிமே மெதுவா ஊத்துறேன்."

"ஊத்துவே. செடிக்கும்தான் ஊத்துறாங்க." அண்ணனின் குரல் கரகரத்தது. "சாப்பிடுங்கன்னு ஒரு நாள் சொன்னியாடா?"

ரவூப் புனலைக் கீழே வைத்தான். "அந்தப் புட்டியை வச்சது நான்தான் நானா. உங்க மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. அதான்..."

"தெரியும். அது ஒரு நாள் தெரியாமச் செஞ்ச தப்பு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டது தெனம் மூணு வேளை, தெரிஞ்சே செஞ்சது. எனக்கு வயித்துலதான் ஓட்டை போட்டாங்க. மனுஷன் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

ரவூப் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். அழுதுகொண்டே அண்ணனின் முகத்தைப் பார்த்தான். மூன்று மாதத்தில் எவ்வளவு ஒட்டிப்போயிருந்தது!

"பிஸ்மி சொல்லுங்க நானா. சாப்பிடுங்க."

முகைதீனின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. பால் இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கடைவாசலில் வாடிக்கைக்காரி மங்களம் அரிசி கேட்டுக் கத்தினாள். "குழாயில ஊத்த இம்புட்டு நேரமா? சட்டுனு ஊத்திட்டு வாலா!"

ரவூப் எழவில்லை. "குழாயில போனாலும் அது சாப்பாடுதான் அக்கா. சாப்பிடுற ஆளோட முகத்தைப் பார்த்து, உக்காந்து, நிதானமாத்தான் குடுக்கணும். எனக்கு இது புரியறதுக்குள்ள நானா பாதியா எளைச்சிட்டாரு. அப்புறமா வாங்க!"