போலீஸ் கை பட்ட துப்பாக்கி

அமெரிக்காவில், அந்த ஓஹையோ நகராட்சிக்குப் புத்தி வர பதினான்கு மாதம் ஆனது. எந்தக் கடையில் விற்ற துப்பாக்கி குற்ற வழக்குகளில் அடிக்கடி சிக்குகிறதோ, அந்தக் கடையில் போலீசுக்கு இனி ஒரு தோட்டாகூட வாங்கக் கூடாது. இந்த விதியை எழுத ஏழு கூட்டம், ஐந்து வரைவு, கணக்கில்லாத டோனட்.

எழுதியவள் கொள்முதல் அதிகாரி வெர்னா ஸ்டாட்லர். போன வருஷம் யாரோ யாரையோ சுட, பஸ்ஸுக்குக் காத்திருந்த அவள் மகன் டோபினின் இடுப்பில் குண்டு பாய்ந்தது. இன்றும் அவனால் மாடி ஏற முடியாது. அந்தத் துப்பாக்கியின் எண் 4471 என்று முடியும் என்பது அவளுக்கு மனப்பாடம். "அத யாரும்மா வித்தது?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், கண்டுபிடித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

இந்த வருஷம் போலீசுக்குப் புதுத் துப்பாக்கி விற்க டெண்டர் போட்டது ஒரே ஒருவர், கடைக்காரர் ஹாலிஸ் கிரப். அவர் கடையில் விற்று, வழக்கில் சிக்கிய துப்பாக்கிகளின் பட்டியலை, அவர் வெர்னாவின் அறைக்கு வந்த அன்று காலைதான் போலீஸ் அனுப்பியிருந்தது. நான்காவது வரியில் 4471. வெர்னா சந்தோஷத்தில் இரண்டு காபி குடித்தாள்.

"பதினொண்ணு, ஹாலிஸ். பதினொரு கேஸ்ல உங்க கடைத் துப்பாக்கி. உங்க டெண்டர் தள்ளுபடி. கெளம்புங்க."

வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்த வசனம். ஹாலிஸ் அசையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை நிதானமாகப் படித்தார்.

"அட, இதுல ஒம்பது உங்க சரக்காச்சே!"

"என்ன உளர்றீங்க?"

"அஞ்சு வருஷம் முன்னாடி போலீசுக்குப் புதுசு வாங்குனீங்க. பழசையெல்லாம் என் தலையில கட்டி விலையக் குறைச்சீங்க. அடேயப்பா, என்னா பேரம்! 'போலீஸ் கை பட்டது'ன்னு அட்டை தொங்கவிட்டேன். ஒரே வாரத்துல காலி."

அந்தப் பேரத்துக்காக நகராட்சி வெர்னாவுக்குக் கொடுத்த பாராட்டுப் பலகை அவள் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது. அவள் பழைய கோப்பை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் 4471 இருந்தது. கீழே அவள் கையெழுத்து, அழகாக, அவசரமே இல்லாமல். 

"இந்தத் தடவையும் பழசு இருக்குமே?" என்றார் ஹாலிஸ். "நான் எடுக்கலேன்னா பக்கத்து ஊர்க்காரன் எடுப்பான். எங்க வாங்கக் கூடாதுன்னு எழுதுனீங்க சரி, பழச விக்கறதப் பத்தி ஒரு வரிகூட இல்லியேம்மா."

இல்லைதான். ஐந்து வரைவிலும் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். டெண்டர் தாளில் 'பழைய துப்பாக்கிகளைக் கொடுத்து விலையில் கழித்தல்' என்ற வரியை, தாள் கிழியும்படி பேனாவால் அடித்தாள். அது செல்லுமா என்று அவளுக்கே தெரியாது. ஹாலிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

போன் அடித்தது. டோபின்.

"அம்மா, லிஸ்ட் வந்துச்சா? அந்தத் துப்பாக்கிய வித்தது யாருன்னு தெரிஞ்சுதா?"

கடைக்காரர் பெயரைச் சொன்னால் போதும். அதுவும் பொய்யில்லை. வெர்னாவுக்கு வாய்வரை வந்தது.

"தெரிஞ்சுதுடா," என்றாள். "நான்தான்."