நடுவில் மிஞ்சிய புல்

நடுவிலிருந்து வெட்டச் சொன்னேன். நடுவிலிருந்து என்றுதானே சொன்னேன்? இல்லை, சொன்னதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேனா?

என்று குழம்பியபடி நாகஜோதி வேலி வாசலின் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளுவை வேலிக்குள் அவர்களுடைய மேய்ச்சல் நிலமான கொறங்காடு மொட்டையாகக் கிடந்தது. நேற்றுவரை இடுப்பளவு நின்ற கொழுக்கட்டைப்புல் வரிவரியாகச் சாய்ந்திருந்தது. நடுவில் மட்டும், ஒற்றை வெள்வேல மரத்தைச் சுற்றி, ஒரு வீட்டு மனை அளவுக்குப் புல் மிஞ்சியிருந்தது. அதன் ஒரு பக்கம் வலை கட்டியிருந்தார்கள்.

நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தால், உள்ளே இருக்கிற கவுதாரியும் காடையும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலிக்குள் ஒதுங்கிவிடும். வேலியோரமாகத் தொடங்கினால் சத்தத்துக்குப் பயந்து பின்வாங்கிப் பின்வாங்கி நடுவில் அடைந்துகொள்ளும். எரியோட்டிலிருந்து புல் வெட்டுகிற மிஷினோடு வந்திருந்த, அவள் புருஷனுக்குத் தம்பி முறையான சுருளிவேலிடம் இதைப் போன வாரமே சொல்லியிருந்தாள். சரி மதினி, சரி மதினி என்று தலையாட்டியவன்தான். படலில் தொடங்கி வேலியோரமாகச் சுற்றுவது வெட்டுகிறவர்களின் கைப்பழக்கம், மறந்திருப்பான் என்றுகூட நினைத்திருப்பாள். வலை அப்படி நினைக்க விடவில்லை.

அவளால்தான் வந்தது எல்லாம்.

திண்டுக்கல்லிலிருந்து பறவைக் கணக்கெடுக்க வந்த ஆண்டனிராஜ் சாருக்காகத்தான் முதலில் கவுதாரி போலக் கூப்பிடப் பழகினாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி, தொண்டையிலிருந்து எழுப்ப வேண்டும். சேவல் கவுதாரி, வேறு யாரோ தன் காட்டுக்குள் வந்துவிட்டான் என்று எதிர்க்குரல் கொடுக்கும். அதை வைத்துக் கணக்கு. அப்போது குஜிலியம்பாறை ரோடு வரைக்கும் நாலாபக்கமிருந்தும் பதில் வந்தது. பக்கத்துக் காடுகள் ஒவ்வொன்றாக மனையாகவும் சோலார் தகடுகளாகவும் மாற, பதில்களும் குறைந்துகொண்டே வந்தன. இந்தப் பருவத்தில் ஒரே குரல்தான் மிச்சம். அந்த ஒன்றுக்காக அவள் இருட்டோடு எழுந்து வந்தாள். கூப்பிட்ட உடனே பதில் சொல்கிறவர்கள் அவளுக்கு வேறு யாரும் இருந்ததில்லை.

முந்தாநாள், நாத்தனார் வினிதாவும் அவளுடைய புது மாப்பிள்ளை யோகேஷும் விருந்துக்கு வந்திருந்தபோது, வினிதா கெஞ்சிக் கேட்டாளே என்று அடுப்படியில் நின்று கூப்பிட்டுக் காட்டினாள். காட்டிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெருமைதான் இன்று இந்த வலையைக் கொண்டுவந்திருந்தது.

ஆண்டனிராஜ் சாருக்குப் போன் போட்டிருந்தாள். ஃபாரஸ்ட் ஆபீஸில் சொல்லிவிட்டேன், வர நேரமாகும், அதுவரை எதையாவது பேசி நிறுத்தி வைம்மா என்றார். பேசி யாரையும் நிறுத்தி வைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

அவளைப் பார்த்ததும் சுருளிவேல் மிஷினை அணைத்தான். "என்ன மதினி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? ஒத்தக் கவுதாரிக்கா இம்புட்டுத் துக்கம்? எங்கண்ணன் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட இப்படி நின்னிருக்க மாட்டீக."

வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த யோகேஷ் சிரித்தார். "கூப்புடுங்கக்கா. அன்னைக்குக் கூப்புட்டீங்கள்ல, அதே மாதிரி."

அவள் புருஷன் பழனிக்குமார் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளருகில் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"மாப்ள மொதமொத வாய் தெறந்து கவுதாரிக் கறி கேட்டிருக்காரு. மிஷினை உள்ள விட்டா எல்லாம் செதறிப் போயிரும், ஒண்ணும் தேறாது. ஒரு தடவ கூப்புடு. சேவ மட்டும் வலைக்கு வரட்டும். பொட்டையையும் குஞ்சுகளையும் விட்டுருவோம். நாஞ் சொல்றேன்ல."

அவன் சொன்னால் செய்கிறவன். அதுதான் அவளை ஆட்டியது. கூப்பிட்டால் ஒன்று போகும், மற்றவை பிழைக்கும். கூப்பிடாவிட்டால் மிஷின் கத்தி குஞ்சுகள் மேலேயே இறங்கும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சேவல் வருகிற விதத்தை அவள் பார்த்திருக்கிறாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, தன் காட்டைக் காப்பாற்ற என்று நேராகக் குரலை நோக்கி ஓடிவரும். இன்றும் அப்படித்தான் வரும். அடுத்த பண்டிகைக்கு யாராவது பொட்டையைக் கேட்பார்கள். அன்றைக்கும் அவள் தொண்டைதான் வேண்டியிருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு மிஞ்சிய புல்லுக்குள் இறங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கையால் தரையைத் தடவிப் பார்த்து, எதையும் மிதித்துவிடாமல் நடந்து, வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தாள். புல்லுக்குள் எங்கோ ஊசி போல மெல்லிய குஞ்சுக் குரல்கள்.

"உள்ள போயிட்டாகளா? சரி, அப்படியே வலைப்பக்கமாப் போய்க் கூப்புடுங்க மதினி," என்றான் சுருளிவேல்.

"கூப்புடு நாகு." பழனிக்குமாரின் குரல் முதல் முறையாகக் கெஞ்சியது.

"எனக்கு வராது," என்றாள்.

"என்ன வராது? முந்தாநா வந்துச்சுல்ல?"

"இனிமே வராது."

சுருளிவேல் மிஷினைத் தோளில் ஏற்றினான், ஆனால் அதைக் கிளப்புகிற கயிற்றை இழுக்கவில்லை. அந்த அமைதியில், அவள் கை எட்டும் தூரத்தில், சேவல் குரல் கொடுத்தது. அவள் அன்றாடம் கேட்ட அதே குரல். கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. மறுபடி கொடுத்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்லவில்லை.