கசக்காத எண்ணெய்

அனுசூயாவின் புடவை மடிப்பை மணிவாசகம் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மலர்வளையத்தைக் கொண்டுவந்து சவப்பெட்டியின் காலடியில் சாய்த்தார்கள். அதன் நாடாவில் ஒரு ஆலிவ் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. மகள் சஹானா அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேணாம்ப்பா."

அவர் மனைவியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

இந்தக் குளிர்நாட்டின் சென்ட்-ஆன் விவசாயக் கல்லூரியில் ஆலிவ் மரங்களைப் பற்றித்தான் அனுசூயா கடைசிவரை ஆராய்ந்தாள். இந்தப் பனியில் ஆலிவா என்று சிரித்தவர்கள் உண்டு. அவளோ கோடைதோறும் ஸ்பெயினுக்குப் போய், அந்த நிறுவனத்தின் தோப்புகளில் வெயிலில் காய்ந்தாள். கண்டுபிடித்தது எளிய விஷயம். தண்ணீரைக் கொட்டிக் கொடுத்தால் காய் குலுங்கும், எண்ணெய் சப்பென்றிருக்கும். கொட்டை இறுகும் நடுக்கோடையில் தண்ணீரை அளவாகக் குறைத்தால் விளைச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் நல்ல ஆலிவ் எண்ணெய்க்கு உரிய கசப்பும் தொண்டையைக் காறும் உறைப்பும் ஏறும், சீக்கிரத்தில் சிக்கு வாடை அடிக்காது. ஒரேயடியாக நிறுத்தினால் காய் சூம்பிவிடும் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது விளைச்சல். அவளை மெல்ல விலக்கிவிட்டது. அவள் புற்றுநோயோடு படுத்த பிறகு, அவள் படத்தைப் போத்தலில் ஒட்டி, அவளுடைய ஆராய்ச்சியில் விளைந்த எண்ணெய் என்று விற்றது. படத்தை எடுக்கச் சொல்லி மணிவாசகம் போன் செய்தபோதெல்லாம் மரியாதையாகப் பேசி வைத்துவிட்டார்கள்.

இரங்கல் சொல்ல இரவிச்சந்திரன் எழுந்தான். அவளிடம் படித்து, அந்த நிறுவனத்திலேயே பெரிய பதவிக்குப் போன யாழ்ப்பாணத்துப் பையன். கண்கள் கலங்கியிருந்தன. அது பொய்க் கண்ணீர் அல்ல என்பதுதான் மணிவாசகத்துக்கு இன்னும் எரிந்தது.

"மேடம் போயிட்டா. ஆனா அவவின்ர ஆராய்ச்சி எங்கட ஒவ்வொரு போத்தலிலயும் வாழுது," என்றான்.

மணிவாசகம் எழுந்தார். "உங்க தோப்புல இப்ப நடுக்கோடையில தண்ணியக் குறைக்கிறீங்களா, ரவி?"

"அதைப் பேந்து கதைப்பம், சேர். இது இடமில்லை."

"இதுதான் இடம். அவ இங்கதான் இருக்கா. அவ முன்னாடி சொல்லு."

கூடத்தில் யாரோ இருமி அடக்கினார்கள். இரவிச்சந்திரன் தரையைப் பார்த்தான்.

"இல்லை, சேர். அறுவடை வரைக்கும் குறைக்காமல் விடுறம்."

"அப்ப அது அவ எண்ணெய் இல்ல."

அவரே மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, பனி உருக உப்புத் தூவிய படியில் வைத்துவிட்டு வந்தார். அதன்பின் வாய்க்கரிசி போட்டார்கள்.

தகனம் முடிந்து பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், வருகிறவர்களுக்குக் காப்பி போடப் பால் வேண்டுமென்று சஹானா ஒரு கடையில் காரை நிறுத்தினாள். பால் பெட்டியோடு அவள் வந்தபோது அப்பா எண்ணெய்த் தட்டின் முன் குனிந்து நின்றார். வரிசை வரிசையாக அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு போத்தலாக எடுத்து, படம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவைத்துக்கொண்டிருந்தார். கடைப் பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவர் திரும்பவில்லை.

சஹானா பாலைத் தரையில் வைத்துவிட்டு, அவருக்கு எட்டாத மேல்தட்டில் தொடங்கினாள்.