கசடு தூங்கட்டும்

1

இந்தக் கதை என் அக்கா மகளின் ஒரு போனில் பிறந்தது. "சித்தி, இன்னைக்கு கிளாஸே என்னைப் பார்த்துச் சிரிச்சுது," என்றாள். நான் பதறினேன், அவள் பதறவில்லை. அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதல் தொடக்கம்: ‘அந்நிய நாட்டு விடுதியின் ஜன்னலோரம், பனியைப் பார்த்தபடி, கண்ணீர் மல்க அவள்—’

வரைவை அவளுக்கே அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "நான் எப்ப சித்தி அழுதேன்? ஜன்னலைத் திறந்தா எதிர்ல சுவரு. அடிச்சுடுங்க."

அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு படிப்பவளை, அவள் கல்லூரி பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவத்துக்கு வேறு நாட்டுக்கு அனுப்பியது. பாடம் பிடிபட்டது, அதைச் சொல்லிக்கொடுத்த மொழிதான் காலை வாரியது. கூடப் படித்தவர்கள் கேலி செய்யவில்லை. அன்பாகவே ஓரங்கட்டினார்கள். அது இன்னும் மோசம்.

வகுப்பில் குழுக் குழுவாகப் பேச வேண்டிய கருத்தரங்கு ஒன்று வந்தது. அதற்கு முந்தைய வாரம், அவள் குழுவிலிருந்த நெட்டையன் சொன்னான்: "உனக்கு எதுக்குச் சிரமம்? உன் பகுதியையும் நானே பேசிடறேன். நீ ஸ்லைடை மட்டும் மாத்து."

(இங்கே அவள் தலையாட்டுவதாகத்தான் எழுதியிருந்தேன். வரிசையில் யாராவது முந்தினால்கூட வாய் திறக்காத பெண், எனக்குத் தெரிந்தவரை.)

"ஸ்லைடை நீ மாத்து," என்றாள். "நான் பேசறேன்."

வாரம் முழுக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உரக்கப் பேசிப் பழகினாள். அறைத்தோழி கதவுக்கு வெளியே நின்று உச்சரிப்பைத் திருத்தினாள்.

[தோழியின் அண்ணனை வைத்து ஒரு காதலை நுழைக்கப் பார்த்தேன். "அவளுக்கு அண்ணனே கிடையாது, சித்தி."]

3

தொட்டியின் அடியில் கசடு படிகிறது என்று சொல்ல வேண்டும். அந்த மொழியில் படிவதற்கும் தூங்குவதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசமாம். கசடு தூங்குகிறது என்றுவிட்டாள்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. நெட்டையன் உதவிக்கு எழுந்தான். கையைக் காட்டி அவனை உட்கார வைத்துவிட்டு, சிரிப்பு ஓயும்வரை அசையாமல் நின்றாள்.

"சரி, தூங்கட்டும். அதை எழுப்ப எவ்வளவு காத்து அடிக்கணும்னு இப்போ சொல்றேன்."

மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை அவளும் சேர்ந்துகொண்டாள்.

கடைசியில் பேராசிரியை ஏதோ கேட்டார். புரியவில்லை. "இன்னொரு தடவை, மெதுவா," என்றாள். அப்போதும் புரியவில்லை. திரும்பவும் கேட்கச் சொன்னாள். புரிந்தது. பதில் சொன்னாள்.

முதலிடம் கொடுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கிடைத்தது சுமாரான மதிப்பெண்தான். தேறிவிட்டாள்.

4

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பேன். ஆனால் பேராசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு பருவம் இருந்து இந்த ஆய்வை முடிச்சுட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டார். இருந்தால் இங்கே படிப்பில் ஒரு வருடம் பின்தங்குவாள். அவள் அப்பா, அதாவது என் அத்தான், அதற்குச் சுத்தமாக இடம் கொடுக்க மாட்டார்.

முடிவு ஒன்று: திரும்பி வருகிறாள். விமான நிலையத்தில் எல்லோரும் ஓடி வந்து— (போதும்.)

முடிவு இரண்டு: தங்கிவிடுகிறாள். அத்தான் அவளோடு பேச்சையே நிறுத்தி— (அவரால் ஒரு நாள் தாங்காது.)

இந்த வரியில் இருக்கும்போதே அத்தான் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"உன்கிட்டதான் எல்லாத்தையும் கொட்டுவா. என்னம்மா முடிவு பண்ணியிருக்கா?"

எனக்குத் தெரியும். நேற்றே சொல்லிவிட்டாள். கூடவே, "அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க மூச்சு விடக் கூடாது, சித்தி," என்றும் சொல்லியிருந்தாள்.

எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்தேன். "அவளையே கேளுங்க, அத்தான்."

மணி அடிக்கிறது. எடுத்துவிட்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போகிறேன். நீங்கள் வேண்டுமானால் இருந்து கேளுங்கள்.