இடப்பக்க இருக்கை

ஜமால்தீனின் உடலை ஏற்றிய பள்ளிவாசல் வாகனம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வீதியில் இறங்கியது. ஸாலிஹா அது போகும் திசையைப் பார்க்கவில்லை. நேரே வீதியைக் கடந்து, வேப்ப மரத்தடியில் நின்ற தங்கள் பழைய சன்னி காரின் கதவைத் திறந்து, இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் கிளினிக் பை. அதற்குள் அவள் கணவன் காலையில் போட்டிருந்த சேர்ட்.

சற்றுத் தள்ளி றிஷானா தன் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி உம்மாவுக்காக நின்றாள். உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. உடன் வந்த ஆண்கள் எல்லோரும் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். மூத்த மகன், அவளுடைய நானா இக்ராமும் அதில்தான் போனான். நேரம் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் முடியவே பகல் போய்விட்டது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவதைக்கூட ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள அறையிலேயே முடித்திருந்தார்கள். கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணி வீட்டில் சிறிது நேரம் வைத்துப் பெண்களுக்கு முகம் காட்டுவார்கள். பிறகு மாலை அஸர் தொழுகையோடு அடக்கம். அதற்குள் போய்ச் சேராவிட்டால் உம்மா வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. கிளினிக் வரிசையில் அவர் சரிந்து விழுந்ததும் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். அதன் பிறகு உம்மா அவரைப் பார்க்கவில்லை.

றிஷானா போய்க் கண்ணாடியில் தட்டினாள். இந்தக் காரைப் பிறகு எடுக்கலாம், நானா ஆள் அனுப்புவான், வாருங்கள் என்றாள். ஸாலிஹா அசையவில்லை. பைக்குள் கையை விட்டுக் காரின் திறப்பை எடுத்து நீட்டினாள்.

"நீ ஓட்டு."

"உம்மா, எனக்கு மெனுவல் ஓட்ட ஏலாது. லைசனும் ஓட்டோ கியருக்குத்தான்."

"நான் இனி இத்தாவுல இருக்கப்போற பொம்பிள. நாலு மாசம் பத்து நாள் வெளியால வர ஏலாது. நான் இதுலதான் போவன்."

இதற்கு மேல் பேச்சு நடக்காது என்று றிஷானாவுக்குத் தெரியும். உம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசி முடித்தால் முடித்ததுதான்.

அவள் தன் காரைப் பூட்டிவிட்டு வந்து சன்னியில் ஏறினாள். இருக்கை வாப்பாவின் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கில் வியர்வையும் வெற்றிலையும் கலந்த வாடை.

மெனுவல் அவளுக்கு அறவே தெரியாதென்றில்லை. வங்கி வேலை கிடைத்த புதிதில் வாப்பா இதே காரில் பழக்கினார். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் இஞ்சினை நிற்பாட்டி, பின்னால் வந்தவர்கள் எல்லாம் கோன் அடிக்க, அழுதபடி இறங்கி நடந்தாள். அடுத்த வாரமே ஓட்டோ கியர் பழக்குகிறவரிடம் போனாள். வாப்பாவுக்கு அது மாதக்கணக்கில் சிரிப்பாக இருந்தது. ஓட்டோ கியர் காரில் இடது கால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன சம்பந்தி மாதிரிச் சும்மா குந்திக்கொண்டிருக்கும் என்பார். அவள் விடமாட்டாள். சும்மா இருக்கிற கால் நோகாது வாப்பா என்பாள். வீதியைப் பார்த்து ஓட்டத்தான் கார், தடியைப் பிடித்து மல்லுக்கட்ட இல்லை என்பாள். இப்போதும் அவள் எண்ணம் அதுதான்.

சிரிப்பு நின்றது வாப்பா விழுந்த பிறகு. தன் கடைக் கூரையில் ஓடு மாற்ற ஏறி விழுந்ததில் இடது தோள் நொறுங்கியது. எலும்பு பொருந்தியது, கை வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அந்தக் கையால் பிடிக்க முடியாது. இனிக் கார் ஓட்டமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சில மாதங்களில் ஓட்டினார். கிண்ணியாவிலிருந்து நகரத்துக்குக் கிளினிக் வந்தார், கடைக்குச் சாமான் எடுக்க வந்தார். எப்படி என்று றிஷானா கேட்டபோதெல்லாம் பழகின கார் என்றார். நெருங்கிப் பார்க்க வாய்ப்பும் கிடைக்கவில்லை. பிள்ளைகளில் யாரையும் அந்தக் காரில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். பின் இருக்கையில் எப்போதும் சீமெந்துப் பையோ கம்பிச் சுருளோ கிடக்கும்.

ஒருமுறை அவள் பிடிவாதமாக நகரத்துக் கார் விற்கும் இடத்துக்கு வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துப் போனாள். நல்ல ஓட்டோ கியர் கார், ஒற்றைக் கையால் ஓட்டலாம். வாப்பா ஏறி உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று இறங்கினார். மறுபக்கக் கதவால் இறங்கிய உம்மாவும் எனக்கும் வேண்டாம் என்றாள். உங்களுக்கென்ன உம்மா, நீங்களா ஓட்டப்போகிறீர்கள் என்று றிஷானா சினந்தாள். இரண்டு பேரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.

"நியூட்டர்ல கிடக்கு. ஸ்டார்ட் பண்ணு" என்றாள் ஸாலிஹா.

இஞ்சின் இரண்டாம் தடவையில் பிடித்தது. றிஷானா கிளட்சை மிதித்து, இடது கையைக் கியர் தடிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கறுப்பு அபாயாவின் கைக்குள்ளிருந்து வந்த உம்மாவின் வலது கை.

"கைய எடு. நீ கால மட்டும் பாரு."

தடி முன்னால் போனது. சத்தமே இல்லை. கார் மெதுவாக உருண்டது. இரண்டாவது, மூன்றாவது. ஸாலிஹா கையைப் பார்க்கவே இல்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடி, அடுப்பில் கறியைக் கிளறுகிறவள் போல மாற்றினாள்.

கார் கண்டி வீதிக்கு ஏறியது. றிஷானா கேட்டாள்.

"எவ்வளவு காலமா உம்மா?"

"கை போனதில இருந்து."

"எங்களுக்குச் சொல்லயில்லயே."

"சொன்னா உன்ட நானா திறப்பப் புடுங்கிப்போட்டிருவான்."

அது உண்மைதான். இக்ராம் மட்டுமல்ல, அவளே பிடுங்கியிருப்பாள். ஒரு காரை இரண்டு பேர் ஓட்டுவது எந்தச் சட்டத்தில் சேரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவரிடம் கால்களும் ஒரு கையும். மற்றவரிடம் ஒரு கை, லைசன் இல்லை. பிடிபட்டிருந்தால் பொலிஸ்காரனே குழம்பியிருப்பான். அச்சப்பட வேண்டிய விசயம். ஆனால் அவளுக்கு இப்போது அச்சம் வரவில்லை. எப்படி என்று அறியும் ஆசைதான் வந்தது. ஆஸ்பத்திரியில் அழுகை வராமல் நின்றதைப் போலவே இதுவும் சரியில்லாத ஏதோவொன்று என்று தோன்றியது. தோன்றியும் கேட்டாள்.

வாப்பா இலக்கம் சொல்வாரா என்று கேட்டாள். முதலில் சொன்னார், ஒண்டு, ரெண்டு என்று பிள்ளைக்குப் படிப்பிக்கிற மாதிரி. பிறகு தேவைப்படவில்லை என்றாள் ஸாலிஹா.

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"அவர்ர முழங்கால் எழும்பும். அதுக்கு முந்தி இஞ்சின் கத்தும். அதுக்கும் முந்தி அவர் மூக்கால ஒரு மூச்சு விடுவார்."

றிஷானாவின் முழங்கால் அந்த நேரத்தில் எழும்பியது. மூன்றிலிருந்து நான்குக்குத் தடி விழுந்தது.

சீனன்குடா நெருங்கியபோது தொலைபேசி அடித்தது. ஸாலிஹா எடுத்துப் பேசாமல் மகளின் காதில் வைத்துப் பிடித்தாள். இக்ராம். வீட்டுக்கு வந்துவிட்டோம், சனம் நிறைந்துவிட்டது, பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்லப்போகிறார்கள், மௌலவி காத்திருக்க முடியாது என்கிறார், உம்மா எங்கே? றிஷானா வந்துகொண்டிருக்கிறோம் என்றாள். எந்தக் காரில் என்று அவன் கேட்டான். அவள் பதில் சொல்லுமுன் ரயில் கடவை வந்துவிட்டது. பதற்றத்தில் கிளட்சை விட்டாள். கார் ஒருமுறை குதித்துத் தண்டவாளத்தின் மேல் நின்றது.

பின்னால் ஒரு பஸ் கோன் அடித்தது. ஸாலிஹா தொலைபேசியை அணைத்து மடியில் வைத்தாள். தடியை நியூட்டருக்கு எடுத்தாள்.

"இந்த இடத்துலதான் நாங்களும் ஒருக்கா நிண்டனாங்க" என்றாள்.

"வாப்பா நிப்பாட்டினாரா?"

"நான்தான். வீட்டுல இருந்து ஒரே பேச்சு, மீனுக்குப் புளி கூடிப்போச்சாம். எனக்குக் கோவம் வந்து கைய எடுத்துட்டன். ஓட்டிப்பாருங்க எண்டன். கார் நிண்டுபோச்சு. பின்னால சனம் ஏசுது. ரெண்டு பேரும் கதைக்கயில்ல."

"பிறகு?"

"அவர்தான் முதல்ல கதைச்சார்."

"மன்னிப்புக் கேட்டாரா?"

"அவரா? ஒண்டு எண்டார். போட்டன்."

றிஷானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜனாஸா வீட்டுக்குப் போகிற வழியில், தண்டவாளத்தின் மேல், அவள் சத்தமாகவே சிரித்தாள். ஸாலிஹா சிரிக்கவில்லை. ஆனால் தடியைப் பிடித்திருந்த விரல்கள் சற்று இளகின. பஸ் மறுபடி அலறியது. றிஷானா திறப்பைத் திருப்பினாள், முழங்காலை எழுப்பினாள்.

"ஒண்டு" என்றாள்.

தடி விழுந்தது.

அதன் பிறகு கார் நிற்கவில்லை. எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் காட்டுப் பக்கம் கடந்தது. வலப்பக்கம் குடாக் கடல் மரங்களுக்கிடையில் விட்டுவிட்டுத் தெரிந்தது. றிஷானா உள்ளுக்குள் ஒன்றைக் கவனித்தாள். வேகத்தை அவள் முடிவு செய்யவில்லை. அவள் காலால் நினைப்பதை உம்மாவின் கை கேட்டுக்கொள்கிறது, சில நேரம் உம்மாவின் கை போகும் இடத்துக்கு அவள் கால் போகிறது. யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்ல முடியாது. தன் காரில் வாரக்கணக்கில் ஓடினாலும் இப்படி ஒன்றைக் கவனித்ததில்லை. கவனிக்க அதில் எதுவுமில்லை. அதனால்தான் அது அவளுக்குப் பிடிக்கும்.

பாலத்துக்கு ஏறும்போது கடைசியாகக் கேட்டாள். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரமும் மற்றதெல்லாம் கேட்டாளோ என்னவோ.

"இண்டைக்குக் காலம எப்பிடி உம்மா வந்தார்?"

பாலத்தின் இரும்புத் தடுப்புகள் பக்கத்தில் ஓடின. கீழே யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட திரும்பக்குள்ள மட்டும் முழங்கால் எழும்பயில்ல. நான் பாத்துட்டுப் பாத்துட்டுக் கைய வச்சன். கியர் பல்லுக் கடிச்சுது. அப்பிடி ஒரு சத்தம்."

"பிறகு?"

"ஏசயில்ல."

றிஷானா திரும்பிப் பார்த்தாள். ஸாலிஹா வீதியைப் பார்க்கச் சொல்லிக் கன்னத்தைத் தள்ளினாள்.

"கியர் பல்லுக் கடிச்சா அந்த மனுசன் என்ட உம்மா வாப்பா வரைக்கும் இழுத்து ஏசுவார். இண்டைக்கு ஏசயில்ல. எனக்கு அப்பவே விளங்கிட்டு."

பாலம் இறங்கியது. நான்கிலிருந்து மூன்று. கிண்ணியாச் சந்தையில் வாப்பாவின் கடை பூட்டிக் கிடந்தது. பாங்குச் சத்தம் கேட்டது. றிஷானா மிதித்தாள். குறிஞ்சாக்கேணி ஒழுங்கைக்குள் திரும்பியபோது இருபக்கமும் நின்ற ஆண்கள் விலகினார்கள். சன்னி வருவதைக் கண்டு சிலர் திகைத்து நின்றார்கள். அவர்கள் கண்டதெல்லாம் வலப்பக்கத்தில் மகள், இடப்பக்கத்தில் மனைவி. கதவுக்குக் கீழே யாருடைய கை எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டு வாசலை மறித்தபடி கார் நின்றது. ஸாலிஹா தடியை நியூட்டருக்கு எடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். பெண்கள் வந்து இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அவளுக்குப் பிடி தேவைப்படவில்லை.

கூடத்தில் முகம் திறந்து வைத்திருந்தார்கள். றிஷானா உம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தாடியில் தண்ணீர் காயாமல் இருந்தது. ஸாலிஹா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மௌலவி வெளியிலிருந்து மெல்லக் கனைத்தார். பிறகு துணியை மூடினார்கள். ஸாலிஹாவைப் பின்னறைக்கு அழைத்துப் போனார்கள். இனி அவள் இருக்கும் அறை அது.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம் இக்ராம் வேகமாக வந்தான். கண் சிவந்திருந்தது. காரை யார் இங்கே கொண்டுவந்து போட்டது, தூக்கிக்கொண்டு போக வழியில்லை, எடுங்கள் என்றான். நீயா ஓட்டினாய் என்று கேட்க வாயெடுத்து, அதை விட்டுவிட்டான். றிஷானா திறப்பை அவனிடம் நீட்டவில்லை.

"நான் எடுக்கிறன் நானா" என்று வெளியே போனாள்.

பின்னால் எடுக்க வேண்டும். ஒழுங்கை குறுகல், இருபக்கமும் சனம். ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டாள். கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். ஒருவர் கையசைத்து வா வா என்றார்.

கிளட்சை மிதித்தாள். மிதித்தபடி, இடப்பக்கத்திலிருந்து தடிக்கு ஒரு கை வரும் என்று இருந்தாள்.

முன்னால் ஆண்கள் சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு, கார் நகரட்டும் என்று நின்றார்கள்.