பெயர் குகன், நட்சத்திரம் உத்திரம்

பல்கலைக்கழகம் புக எழுதும் எஸ்டிபிஎம் சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிள்ளான் கோயிலில் மாணவர்களுக்கான சிறப்புப் பூசை நடந்தது. பிள்ளைகள் பேனாவையும் சோதனை சிலிப்பையும் தட்டில் வைத்து நிற்க, அம்மாக்கள் பின்னால் அவர்களைவிடப் பயந்துபோய் நின்றார்கள். சீதாலெட்சுமிக்கு முன்னால் மட்டும் பிள்ளை யாரும் இல்லை. நாற்பத்தாறு வயதில் சோதனை எழுதப் போகிறவள் அவளேதான். மேரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, தனியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றரை வருடம் படித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒருநாள் கால் வைத்துவிட வேண்டும். அந்த ஆசையை ஓர் ஆளிடமும் அவள் சொன்னதில்லை.

சொல்ல யார் இருக்கிறார்கள்? கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். ஒரே மகன் குகன் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு போதும் என்று ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். படி, படி என்று இவள் அவன் உயிரை எடுத்ததும் உண்மைதான். "அவ்ளோ ஆசையா இருந்தா நீயே போய்ப் படிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவன், தீபாவளிக்கு வந்து தலைகாட்டுவதோடு சரி. கோபத்தில் மகன் விட்ட வார்த்தையை நம்பிப் புத்தகம் வாங்கிய தாய் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தன் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். பக்கத்தில் சீருடையில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். சீதாலெட்சுமிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டாள்.

அது அண்டை வீட்டு நல்லம்மாளின் காதில் விழுந்தது. அந்த அம்மாள் சும்மா இருப்பாளா? மாலைக்குள் குகனுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் போய்ச் சேர்ந்தது. உடனே அவன் அம்மாவை அழைத்தான்.

"இன்னும் என்னைய விடலையாம்மா? எந்தச் சோதனைக்கு என் பேர்ல அர்ச்சனை?"

சமாளிக்க ஆயிரம் பொய் இருந்தது. சொல்லிச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று அவளுக்கே அலுத்துவிட்டது.

"எழுதுறது நான் தம்பி. எம்பேரச் சொல்ல வெக்கமா இருந்திச்சி."

சிரிக்கப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. என்றைக்கு என்று மட்டும் கேட்டான். திங்கட்கிழமை காலை, வரலாறு என்றாள்.

"முடிஞ்சோன கூப்பிடும்மா."

வீட்டைவிட்டுப் போன மூன்று வருடத்தில் அவன் அவளைக் கூப்பிடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை, பெற்றோர் வெளியே இருக்க வேண்டும் என்று மண்டப வாசலில் ஓர் ஆசிரியர் அவளைத் தடுத்தார். அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனாள். எழுதி முடித்து வெளியே வந்தபோது வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சீதாலெட்சுமி குகனை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலையில் இருப்பான். தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் வலித்தது.

குரல் பதிவை அழுத்திக்கொண்டு வேலி ஓரமாகப் போய் நின்றாள். "தம்பி, மூணு கேள்வி நல்லா எழுதிட்டேன். கடைசிக்குத்தான் நேரம் பத்தல" என்று தொடங்கி, கேள்வி என்ன, தான் எழுதியது என்ன, விட்டது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒன்றரை வருடப் பேச்சு, நிறுத்த முடியவில்லை.

பேருந்து வந்தபோதும் அவன் அதைக் கேட்டிருக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தாள் புதன்கிழமை.